சீட்டில் இருந்த எட்டு வாரம்

பிச்சைக்கனியின் கைக்கணக்குத் தப்பாது. சாலை பஜாரில் அவன் வேலை பார்க்கிற ஓட்டலில் எல்லோருக்கும் அது தெரியும். பிசைந்து வைத்த மைதா மாவை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு நூற்றுப் பத்து என்று சொன்னால் நூற்றுப் பத்து உருண்டைதான் வரும். திசையன்விளைக்குப் பக்கத்து ஊரிலிருந்து இருபத்திரண்டு வயதில் திருவனந்தபுரத்துக்கு வந்தவன் அவன். பாத்திரம் கழுவினான், வெங்காயம் உரித்தான், பன்னிரண்டு வருஷத்தில் புரோட்டா மாஸ்டர் ஆனான். அதிகம் பேசமாட்டான். ஒன்றை மனதில் கணக்குப் போட்டு முடித்துவிட்டால் இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்க்கிற பழக்கமும் அவனுக்கு இல்லை.

மணக்காட்டில் வரிசையாக ஆறு வீடுகள் உள்ள ஒரு காம்பவுண்டில், ஒற்றை அறையும் அடுக்களையுமாக அவன் குடியிருந்தான். மனைவி நாச்சியார் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தாள். கல்யாணமாகி மூன்று வருஷம் முடிந்திருந்தது. ஊருக்குப் போன் பண்ணும்போதெல்லாம் இரண்டு பக்கத்து அம்மாக்களும் விசேஷம் உண்டா என்று கேட்பார்கள். நாச்சியார் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள்.

ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவள் பல்கூடத் தேய்க்காமல் வந்து அவனை எழுப்பினாள். கையில் மருந்துக் கடையில் வாங்கிய பரிசோதனை அட்டை இருந்தது. ஒரு கோடு அழுத்தமாகவும் இன்னொன்று பென்சிலால் இழுத்து அழித்ததுபோலவும் தெரிந்தன.

"இது ரெண்டாங் கோடா, இல்ல வெறும் கறையா?" என்று கேட்டாள்.

அவன் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தான். அவனுக்கும் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரெம்யா வந்துதான் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தாள்.

ரெம்யா அந்த வார்டின் ஆஷா ஊழியர். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் விசாரிப்பது அவள் வேலை. தாத்தா காலத்தில் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம். இவள் படித்ததெல்லாம் மலையாளத்தில். பேசினால் இரண்டும் கலந்து வரும்.

"மங்கலாயிட்டு இருந்தாலும் கோடு கோடுதான், நாச்சியாரே. ரெண்டு நாள் கழிச்சு எடுத்தா நல்லா தெளியும்," என்றாள். பையிலிருந்து ஃபோலிக் ஆசிட் மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தாள். "இது தினம் ஒண்ணு. மறக்கக் கூடாது. வேற ஒரு குளிகையும் மருந்துக் கடையில கேட்டு வாங்கித் திங்க வேண்டாம், தலைவேதனைக்குக் கூட. காலம்பற கட்டில்ல இருந்து எழும்பும் முன்னாடி ரெண்டு பிஸ்கட்டோ, ஒரு பிடி பொரியோ தின்னுட்டு எழும்பணும். வயிறு காலியா இருந்தாதான் சர்த்தி கூடும்."

பிச்சைக்கனி பக்கத்தில் நின்று பாடம் கேட்பதுபோலக் கேட்டான். "சர்த்தின்னா வாந்திதான?" என்று உறுதிப்படுத்திக்கொண்டான்.

"வாந்திதான் அண்ணா. எல்லாருக்கும் வரும். பக்ஷே ஒண்ணு கவனிக்கணும்." ரெம்யா விரலை மடக்கினாள். "குடிச்ச வெள்ளம்கூட ஒரு நாள் முழுக்க நிக்கல்ல, எட்டு மணிக்கூர் ஆகியும் மூத்திரம் போகல்ல, எழும்பி நின்னா தலை சுத்துது. இதுல ஏதாவது கண்டா எனக்காகக் காத்திருக்க வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். ரத்தம் கண்டாலும், அடிவயித்துல ஒரு பக்கம் மட்டும் குத்தினாலும் அப்படித்தான்."

பிறகு அவள் ஒரு நோட்டைத் திறந்து நாச்சியாரிடம் கேள்விகள் கேட்க ஆரம்பித்தாள். பெண்கள் சமாசாரம் என்று பிச்சைக்கனி நகர்ந்து, குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டான். அந்தக் கேள்விகளில் முதலாவதை நின்று கேட்டிருந்தால் பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது.

அடுத்த வாரமே வாந்தி ஆரம்பித்தது. அதைவிட மோசம், வாசனை. வேலை முடிந்து அவன் படியேறும்போதே நாச்சியார் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். மைதா, எண்ணெய், டால்டா, வெங்காயம் எல்லாம் சேர்ந்த ஒரு நெடி பன்னிரண்டு வருஷமாக அவன் தோலில் ஊறியிருந்தது. அவன் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தான். எலுமிச்சைத் தோலை விரலிடுக்கில் தேய்த்தான்.

"சட்டையில இல்ல அத்தான், ஒங்க தலைமுடியில இருக்கு," என்றாள் அவள். சொல்லும்போது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மறுநாளே அவன் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டான். அப்படிப்பட்டவனாகத்தான் அதுவரை இருந்தான்.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை, அட்டக்குளங்கரைப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் முதல் ஸ்கேன் எடுத்தார்கள். ஆண்களை உள்ளே விடவில்லை. வெளியே வந்த நாச்சியாரின் முகம் வெளிறியிருந்தாலும் கண் சிரித்தது.

"துடிக்குதாம். சின்னதா ஒரு வெளிச்சம் மாதிரி மினுங்குது, நானே பாத்தேன்."

சீட்டை அவன் கையில் கொடுத்தாள். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க அவனுக்குத் தெரியும். குழந்தை ஒன்றுதான். இதயத்துடிப்பு உண்டு. கீழே, 8 வாரம் 0 நாள்.

ஆட்டோவில் வரும்போது அவன் ஒன்றும் பேசவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறான் என்று நாச்சியார் நினைத்தாள். வீட்டுக்கு வந்து அவள் படுத்ததும், அடுக்களைக் கதவில் மாட்டியிருந்த காலண்டர் முன்னால் போய் நின்றான். பக்கங்களைத் திருப்பி, விரலை வைத்துச் செவ்வாய்க்கிழமைகளைப் பின்னோக்கி எண்ணினான். எட்டாவது செவ்வாயில் விரல் நின்றது. ஜூன் பத்து.

ஜூன் ஒன்றாம் தேதி நாச்சியார் ஊருக்குப் போயிருந்தாள். அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமை திரும்பினாள். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பையை வாங்கிக்கொண்டு வந்தவனே அவன்தான். நடுவில் ஒரு நாள்கூட அவனுக்கு லீவு கிடைக்கவில்லை.

திரும்பவும் எண்ணினான். இந்தத் தடவை முன்னோக்கி, ஜூன் இருபத்தொன்றிலிருந்து. ஆறு வாரமும் மூன்று நாளும் வந்தது. எட்டு வரவில்லை. எப்படி எண்ணினாலும் பதினொரு நாள் இடித்தது.

அவன் காது மடல் சூடாயிற்று. நாச்சியாரின் அத்தை மகன் பிரவின்ராஜ் அந்த ஊரில் சொந்தமாகக் கார் வைத்து ஓட்டுகிறான். ஒரு காலத்தில் அவனுக்குத்தான் நாச்சியாரைக் கேட்டார்கள். கண் ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கூட்டிப்போக நான்கு தடவை அவன் கார்தான் வந்தது என்று நாச்சியாரே போனில் சொன்னாள். சொன்னபோது அதில் ஒன்றும் இருக்கவில்லை. இப்போது ஒவ்வொரு தடவையும் தனித்தனியாக முளைத்து நின்றது.

"என்ன அத்தான் பாக்குதிய?" கட்டிலிலிருந்து நாச்சியார் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. அடுத்த ஸ்கேன் எப்பன்னு பாத்தேன்."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

மறுநாள் அவன் முதலாளி சத்தியநேசனிடம் போய், ஓட்டல் மாடியில் வேலைக்காரர்கள் படுக்கிற அறையில் கொஞ்ச நாள் தங்கிக்கொள்கிறேன் என்று கேட்டான். "என் வாசம் பட்டாலே அவளுக்கு வாந்தி வருது, அண்ணாச்சி." சொன்னது பொய்யில்லை. அதனால்தான் வாயில் சுலபமாக வந்தது.

நாச்சியாரிடமும் அதையே சொன்னான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எத்தன நாளைக்கு?"

"பாப்போம்."

அன்றிலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்கு வருவான். ஒரு இளநீரும் பன்னும் வாங்கிக் கதவுக் கொக்கியில் மாட்டுவான். வாசலிலேயே நின்று, "சாப்பிட்டியா?" என்பான். "ம்," என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். போய்விடுவான். நான்காம் நாள் அவள் கதவுவரை வந்தாள்.

"உள்ள வந்து இரியுங்களேன் அத்தான். குளிச்சிட்டுத்தான வந்திருக்கிய. இன்னைக்கு வாசம் ஒண்ணும் வரல."

"மாவு பிசையணும்," என்றான் அவன். காலை ஒன்பது மணிக்கு மாவு பிசைவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் முகத்தை அவன் நேராகப் பார்க்கவில்லை. முந்தின நாள் இளநீர் சீவாமல் அப்படியே கிடந்ததைப் பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை.

தன் அம்மாவுக்குப் போன் போட்டான். வாந்தி நிற்கவில்லை என்று மட்டும் சொன்னான். "மசக்கைன்னா அப்படித்தாம்ல. ஒன்ன வச்சிக்கிட்டு நான் அஞ்சு மாசம் கக்குனேன். கக்கிக்கிட்டே களை பறிச்சேன். ஆம்பளைக்கு இதுல என்ன வேல?" என்றாள் அம்மா. அது அவனுக்கு வசதியாக இருந்தது.

ஓட்டலில் அவன் வீசிய புரோட்டா கிழிந்தது. இரண்டு நாள் தொடர்ந்து கிழிந்தது. பிரவின்ராஜின் எண்ணை எடுத்து மூன்று தடவை அழுத்தப் போய் நிறுத்தினான். என்னவென்று கேட்பது? கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? இல்லை என்று சொன்னால் நம்பவா போகிறோம்? மாடி அறையில் படுத்துக்கொண்டு பதினொரு நாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிக்கொண்டே இருந்தான். குழந்தை என்கிற நினைப்பே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

பதினான்காம் தேதி வியாழக்கிழமை அவன் காலையில் வீட்டுப் பக்கம் போகவில்லை. பத்து மணிக்குப் போன் அடித்தது. ரெம்யா.

"அண்ணா, எங்க இருக்கு? ஒண்ணு வேகம் வரணும். நாச்சியாருக்குத் தீரெ வய்யா, எழும்பவே முடியல்ல."

"என்ன ஆச்சு?"

"வந்து பாருங்க. போன்ல பேசிட்டு நிக்க நேரமில்ல."

சத்தியநேசன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ போடே, கல்லை நான் பாத்துக்கிடுகேன்," என்றார். கிழக்கேகோட்டை நெரிசலில் ஆட்டோவுக்குக் காத்து நிற்க முடியாமல் அவன் ஓடியே போனான்.

அறையில் புளித்த நெடி அடித்தது. நாச்சியார் தரையில் பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். கண் உள்ளே போயிருந்தது. உதடு வெடித்து, ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. ரெம்யா ஒரு கரண்டியால் தண்ணீர் ஊட்ட, அது தொண்டை வரை போய்த் திரும்பி வந்தது. பக்கெட்டில் பச்சையும் மஞ்சளுமாகப் பித்தம்.

"கடைசியா எப்ப மூத்திரம் போச்சு?" ரெம்யா திரும்பாமலேயே கேட்டாள்.

தன்னைக் கேட்கிறாள் என்று அவனுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. "தெரியாது."

"நேத்து என்ன குடிச்சா?"

"தெரியாது."

"எத்தனை தடவை சர்த்திச்சா?"

ரெம்யா திரும்பிப் பார்த்தாள். "இவ இருக்குறது உங்க வீட்டுலதானே அண்ணா? அன்னைக்கு உங்ககிட்டதானே அத்தனையும் பறஞ்சேன்?"

தூக்கி நிறுத்தியபோது நாச்சியாரின் கால் மடங்கியது. அவன் இரண்டு கையாலும் அள்ளி எடுத்தான். கனமே இல்லை. அந்த லேசில்தான் அவனுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. ஆட்டோவில் நாச்சியார் ரெம்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் தோளில் சாய்ந்தாள். அவன் மறுபக்கம் ஒடுங்கி உட்கார்ந்து வந்தான்.

அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியில் அவளை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். எடை நாற்பத்தாறு. பதிவு செய்த அன்று ஐம்பத்தொன்று என்று அட்டையில் இருந்தது. நரம்பு கிடைக்காமல் நர்ஸ் இரண்டு கையிலும் மாற்றி மாற்றித் தட்டினாள். ஒரு வழியாகக் கிடைத்த கொஞ்சம் மூத்திரம் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் இருந்தது. அதில் நனைத்த பரிசோதனைப் பட்டை கரும் ஊதாவாக மாறியது.

டாக்டர் திவ்யலட்சுமிக்கு நாற்பது வயது இருக்கும். கோட்டைக்குள் அக்ரஹாரத்துத் தெருக்காரர். அவன் தமிழ் என்று தெரிந்ததும் தமிழிலேயே பேசினார்.

"சாப்பாடு போகாததனால உடம்பு தன் கொழுப்பையே எடுத்து எரிக்கறது. அதுதான் இந்தக் கலர். இது சாதாரண மசக்கை இல்லை. ரத்தத்துல உப்புச் சத்தும் கொறஞ்சிருக்கும்னு நினைக்கறேன், ரிசல்ட் வரட்டும். முதல்ல வைட்டமின் ஊசி, அப்புறம் டிரிப்ஸ். வெறும் குளுக்கோஸ் ஏத்தினா போறும்னு எங்கயும் கூட்டிண்டு போகலையே?"

"இல்ல டாக்டர்."

"நல்லது. எத்தனை நாளா இப்படி?"

"நான், நான் வேலை எடத்துல தங்கிட்டேன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அட்டையைப் புரட்டினார். "கடைசியாத் தலைக்குக் குளிச்சது எந்தத் தேதி? இங்க இருக்கு, ஜூன் பத்து. அப்ப இன்னிக்கு ஒன்பது வாரமும் ரெண்டு நாளும்."

அவன் வாயிலிருந்து அது தானாக விழுந்தது. "ஜூன் பத்தாந் தேதி அவ இங்க இல்ல டாக்டர். ஊருல இருந்தா. நான் போகவே இல்ல."

பக்கத்தில் நின்ற ரெம்யா அவனைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் பேனாவை மூடினார்.

"எப்பத் திரும்பி வந்தா?"

"இருபத்தொண்ணு."

"அப்பச் சரியாத்தானே இருக்கு." டாக்டரின் குரல் உயரவில்லை. "கர்ப்பத்தோட வாரத்தை நாங்க குழந்தை தரிச்ச நாள்லேருந்து எண்ணறதில்லை. அது எந்த நாள்னு யாருக்கும் தெரியாது. கடைசியா ரத்தம் பட்ட முதல் நாள்லேருந்து எண்ணுவோம். அந்த நாள்ல குழந்தையே கிடையாது. அப்புறம் ரெண்டு வாரம் கழிச்சுதான் தரிக்கும். ஜூன் பத்துக்கு மேல ரெண்டு வாரம் எண்ணுங்கோ."

இருபத்துநான்கு. அவன் எண்ணவே வேண்டியிருக்கவில்லை.

"ஸ்கேன் சீட்டுல எட்டு வாரம்னு போட்டா, குழந்தைக்கு ஆறு வாரம்தான் வயசு. அங்க யாரும் சொல்லலையா?"

"நான் யார்கிட்டயும் கேக்கல."

"எத்தனை நாளா இதை மனசுல வச்சிண்டிருந்தேள்?"

"ஒம்போது நாளா."

டாக்டர் உள்ளே போய்விட்டார். அவனுக்கு ஜூன் பத்து ஞாபகம் வந்தது. அன்று சாயங்காலம் நாச்சியார் ஊரிலிருந்து போன் பண்ணினாள். தெருவில் அம்மன் கொடை விழா, மேளச் சத்தம் கேட்டது. "நான் கோயிலுக்குப் போவல அத்தான், விலக்காயிட்டேன். இந்த மாசமும் இல்ல," என்றாள். குரல் இறங்கியிருந்தது. அவன் கல்லில் எண்ணெய் விட்டுக்கொண்டே "ம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான். அவளே தேதியைச் சொல்லியிருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறாள்.

ரெம்யா அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நான் நோட்டுல எழுதும்போ மொத கேள்வியே அதுதான்," என்றாள். "நீங்க வெள்ளம் பிடிக்கப் போனீங்க. அடுத்த தடவை நான் ஆம்பிளைங்களையும் இருத்திட்டுத்தான் எழுதுவேன்."

மதியம் ரத்தப் பரிசோதனை வந்தது. பொட்டாசியம் மிகவும் குறைவு. இதயத் துடிப்பைக் காட்டுகிற மெஷின் ஒன்றைக் கட்டிலுக்கு அருகில் கொண்டுவந்து வைத்தார்கள். "குழந்தை?" என்று அவன் நர்ஸிடம் கேட்டான். "ஆத்யம் அம்மை," என்றாள் அவள். முதலில் தாய் என்று அவனுக்குப் புரிந்தது. புரிந்தபின் உட்கார முடியவில்லை. வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். உள்ளே மெஷின் சத்தம் ஒரு மாதிரி விட்டு விட்டுக் கேட்டது. அது சரியான சத்தமா தவறான சத்தமா என்று அவனுக்குத் தெரியவில்லை. இந்த முறை நர்ஸை நிறுத்திக் கேட்டான். "கொழப்பமில்ல," என்றாள், பயப்பட ஒன்றுமில்லை என்பதுபோல. அரைமணி கழித்துத் திரும்பவும் கேட்டான். திரும்பவும் சொன்னாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். திவ்யலட்சுமி மறைப்புத் துணிக்கு வெளியே தலையை நீட்டி, "உள்ள வாங்கோ," என்றார்.

நாச்சியாரின் கண் மூடியிருந்தது. திரையில் சாம்பல் நிறத்தில் ஏதேதோ அசைந்தன. டாக்டர் கருவியை இப்படியும் அப்படியும் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார். பிச்சைக்கனி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இதோ," என்றார் டாக்டர். மொச்சைக்கொட்டை அளவில் ஒன்று. அதன் நடுவே ஒரு மினுக்கம், அவன் மூச்சைவிடப் பல மடங்கு வேகமாக. "நூத்தி எழுபது. நன்னா இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான், ரெட்டை இல்லை. சில பேருக்குக் காரணமே இல்லாம இப்படி வரும். தனியா மட்டும் விடப்படாது."

கடைசி வாக்கியத்தைத் திரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

மூன்றாம் நாள் நாச்சியார் எழுந்து உட்கார்ந்தாள். வாந்திக்கு ஊசி போய் மாத்திரை வந்திருந்தது. ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் ஒரு மடக்கு கஞ்சித்தண்ணீர், உப்புப் போட்டு. பிச்சைக்கனி கடிகாரம் பார்த்துக் கொடுத்தான். அவள் வாங்கிக் குடித்தாள். கண்ணை மட்டும் அவன் பக்கம் திருப்பவில்லை.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுகூட அவனுக்கு ஒரு தடவை தோன்றியது. டாக்டர் சொல்லப் போவதில்லை. ரெம்யாவும் சொல்லமாட்டாள்.

"நாச்சியா. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"தெரியும்."

அவன் தம்ளரைக் கீழே வைத்தான்.

"நீங்க காலண்டர்ல விரல வச்சி எண்ணுனத நான் கட்டில்ல கெடந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்," என்றாள். குரல் கரகரத்தது. "ரெண்டு பக்கமும் எண்ணுனிய. நீங்க எந்தத் தேதியில நின்னியன்னும் பாத்தேன். வாரக் கணக்க ரெம்யா எனக்கு அன்னைக்கே சொல்லிட்டா. ஒரு வார்த்த கேட்டிருந்தா ஒரு நிமிசத்துல சொல்லியிருப்பேன்."

"கேட்டா நீ என்ன நெனப்பியோன்னு…"

"கேக்காம போனதுக்கு என்ன நெனச்சேன்னு கேளுங்க."

அவன் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "கெடந்து சாவட்டும்னு விட்டுட்டியன்னு நெனச்சேன். கதவுல எளநியத் தொங்க விட்டுட்டுப் போறிய. அத வெட்டக் கத்தியத் தூக்க எனக்குக் கையில பலம் இல்ல. ஒங்களக் கூப்பிடக் கூடாதுன்னு வீம்பு வேற. ரெம்யாவயாவது கூப்பிட்டிருக்கணும். வயித்துல உள்ளதுக்காவது கூப்பிட்டிருக்கணும். அது என் தப்பு. அத நான் ஒத்துக்கிடுதேன்."

பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். பிச்சைக்கனி அழுதான். நாச்சியார் அவனைத் தேற்றவில்லை. பத்து நிமிஷம் ஆனதும், "கஞ்சித்தண்ணி," என்று கையை மட்டும் நீட்டினாள்.

திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். சத்தியநேசன் பதினைந்து நாள் லீவு கொடுத்தார். அது முடிந்ததும், ராத்திரி வீட்டில் இருக்கட்டும் என்று காலையில் தோசைக்கல்லுக்கு மாற்றிவிட்டார். பிச்சைக்கனி தினமும் எழுந்ததும் பொரியும் மாத்திரையும் கட்டிலுக்கே கொண்டுவந்தான். அவள் எத்தனை தடவை வாந்தி எடுத்தாள், எத்தனை தடவை பாத்ரூம் போனாள், என்ன நிறம் என்பதெல்லாம் தெரிந்து வைத்திருந்தான். ஒருநாள் மறுபடியும் தண்ணீர் நிற்காமல் போனபோது, அவள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் கூட்டிக்கொண்டு போய் ஒரு பாட்டில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

அவள் பேசினாள், தேவைக்கு. அவன் செய்வதையெல்லாம் ஏற்றுக்கொண்டாள். பழையபடி தலையைத் தடவிக் கேலி செய்ய மட்டும் இரண்டு மாதம் ஆயிற்று. பதினேழாவது வாரத்தில் வாந்தி நின்றது. எடை ஐம்பத்திரண்டுக்கு வந்தது.

ஆறாம் மாதம் நாச்சியாரின் அம்மா போன் பண்ணி, வளைகாப்பு முடிந்ததும் பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது வழக்கம். நாச்சியார் அதைக் கேட்டுக்கொண்டே மெஷினில் ஒரு ரவிக்கையின் கைப்பட்டியைத் தைத்து முடித்தாள்.

"நீ இங்க வந்து இரும்மா. நான் வரல," என்றாள்.

போனை வைத்தபின் பிச்சைக்கனி கேட்டான். "ஏன் நாச்சியா? அங்க ஒனக்கு வசதியா இருக்குமே?"

"இங்க ரெம்யா இருக்கா. அந்த டாக்டரம்மா இருக்காவ." அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ரவிக்கையை உதறி மடித்து வைத்தாள். அடுத்த துணியை எடுத்து விரித்தபிறகுதான் மீதியைச் சொன்னாள்.

"நீங்களும் இருக்கிய."